நாற்பத்தோராம் நிமிடம்

நாற்பத்தோராம் நிமிடத்தில்
வில்மார் தூங்கிப்போனான்.

மோந்தெவிதேயோவில் ஜூலை, கடுங்குளிர்.
அறை முழுக்க ஹீட்டரின் கெரசின் வாடை.
சுவரில் ஆணியடித்த படுக்கை விரிப்புதான் திரை.
எதிரே ஐந்து பேர், ஒரு நாய்,
கைமாறிக்கொண்டே இருந்த மாத்தே குவளை.
விரிப்பில் ஓடியது
ஆறு வருடமாய் நான் எடுத்த படம்:
மூடிப்போன இறைச்சித் தொழிற்சாலை,
அங்கே வேலைபார்த்த பெண்கள்.

விளக்கைப் போட்டதும்
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
"மனசைத் தொட்டது" என்றாள் நொயெலியா.
எந்த இடம் என்று கேட்டேன்.
"மொத்தமாகவே" என்றாள்.
ஓய்வுபெற்ற நோட்டரி தார்தோ
இசையைப் பாராட்டினார்.
படத்தில் இசையே கிடையாது.
என் கணவன் எழுந்து
பாத்திரம் கழுவப் போய்விட்டான்.

வில்மார் கண்ணைத் தேய்த்தான்.
"மன்னிச்சுக்கோ. ராத்திரி ஷிப்ட்."
என் கணவனின் தம்பி,
சேர்ரோவுக்குப் போகும் கடைசி பஸ்ஸை ஓட்டுகிறவன்.
"பரவாயில்லை" என்றேன்.
அந்தப் பரவாயில்லை
பல்லிடுக்கில் மாட்டிய இறைச்சி நார் மாதிரி
மூன்று நாள் உறுத்தியது.

ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு
சினிமா என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன்.
எழுதும்போது கூசுகிறது. இருக்கட்டும்.
புதன் இரவு தனியாகப் போட்டுப் பார்த்தேன்.
நாற்பத்தோராம் நிமிடத்தில்
என் கையும் தானாகப் போனை எடுத்திருந்தது.

அங்கேதான் தொடங்குகிறது என் மூடுபனி.
துறைமுகத்தின் மேல், பதினேழு நிமிடம்.
இரண்டு குளிர்காலம் காத்திருந்து பிடித்தது.
மோதிரம் அடகுக்குப் போனது அதற்காக.
நிமோனியாவில் படுத்தது அதற்காக.
பார்க்கிறவனுக்கு
மோதிரம் தெரியாது, நிமோனியா தெரியாது.
பனி தெரியும்.
பனி, அப்புறம் பனி, இன்னும் கொஞ்சம் பனி.

ஐம்பத்தெட்டில் அவன் விழித்தான்,
ஐரிஸ் கிழவி தன் பழைய கத்தியைத்
தீட்டுகிற சத்தத்தில்.
தூங்கிய இடத்தைவிட
அவனை எழுப்பிய இடம்
எனக்கு அதிகம் உதவியது.

வெட்டினேன்.
பதினேழில் பதினாறே முக்கால் நிமிடம்.
மிச்சம் பதினைந்து நொடியை
ஐரிஸின் கத்திக்கு முன்னால் வைத்தேன்.
இப்போதுதான் அந்தப் பனி
எதையோ மறைக்கிறது.

படத்தின் முடிவில் நன்றி வரிசையில்
வில்மாரின் பெயரும் வந்தது.
எதற்கென்று கேட்டான். சொன்னேன்.
பஸ் டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தானாம்.

நவம்பரில் ஒருநாள் அவனே வந்தான்,
கையில் டிக்கெட் ரோலின் பின்பக்கத்தில் எழுதிய பாட்டு.
கார்னிவலுக்கு, அவனுடைய முர்கா கோஷ்டிக்காக.
மாரடைப்பில் போன சக ஓட்டுநரைப் பற்றி.
சமையலறையில் நின்றபடி
மேசையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடினான்.
முதல் வரியில் அந்த மனிதர்
கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு
ஓடி வரும் கடைசிப் பயணிக்காகக் காத்திருந்தார்.
எனக்கு உடம்பு சிலிர்த்தது.
ஒன்பதாம் வரியில் சொர்க்கம் வந்தது.
பத்தில் தேவதைகள்.
பன்னிரண்டில்
தேவதைகளும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள்.
அதற்குமேல் இறங்க யாருக்கும் மனமில்லை.

முடித்தான். கழுத்து வியர்த்திருந்தது.
கையில் தாள் ஆடியது,
ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

"அருமை" என்றேன்.

"எந்த இடம்?"

மாத்தேவுக்கு வெந்நீர் ஊற்றினேன்.
குவளை நிரம்பி, தட்டு நிரம்பி,
மேசைவிரிப்பு நனைகிறவரை ஊற்றினேன்.

"மொத்தமாகவே."

தாளை நான்காக மடித்தான்.
சட்டைப் பையில் வைத்துப்
பொத்தானைப் போட்டான்.

"மரியானெலா," என்றான்,
"அதுக்குப் பேசாம
நீ தூங்கியிருக்கலாம்."